விழுங்குதல்

ஐயர் வந்துவிட்டார் என்று பியூலா மதினி உள்ளறைக்குள் தலையை மட்டும் நீட்டிச் சொன்னபோது எமிமா அம்மாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெந்நீரில் நனைத்த மல் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி, இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே நுழைத்து, மதியம் கொடுத்த கஞ்சியின் மிச்சத்தை வழித்து எடுக்க வேண்டும். வாதம் இழுத்துப்போட்ட பக்கம் அது. அந்தப் பக்கம் போனது உள்ளேயும் இறங்காது, வெளியேயும் வராது, அப்படியே கிடந்து புளித்துப்போகும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த புதிதில் அந்த வாடை அவளுக்குக் குமட்டியது. இப்போது அவள் விரலுக்கு அந்த வாய் மனப்பாடம். எந்தப் பல் ஆடுகிறது, நாக்கின் எந்த ஓரத்தில் வெள்ளை படிந்திருக்கிறது, எங்கே தொட்டால் அம்மா முகத்தைத் திருப்புவாள், எல்லாம் தெரியும். என்ன பேச்சுப் பேசிய வாய். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபம் செய்ய எழுந்தால் உட்கார மனம் வராத வாய், தங்கபுஷ்பம்மா ஜெபித்தால் மழை வரும் என்று ஊரே சொன்ன வாய், ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் திறக்காமல் இருந்துவிட்ட வாய். "சட்டுனு முடி, செருப்பக் கழத்துதாவ" என்றாள் மதினி. அதற்குள் அண்ணன் ஜெபசிங் ஸ்டீல் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, மாத்திரை அட்டைகளையும் சளி துப்புகிற கிண்ணத்தையும் ஜன்னல் திட்டுக்கு நகர்த்திவிட்டு, அவளைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எமிமா, தப்பா எடுக்காத. நீ செத்த நேரம் அந்தாக்ல இருந்துக்கோ. ஐயரு புதுசு. அவருக்குச் சங்கடம் வந்துரக் கூடாதுல்லா."

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது. துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். அந்தாக்ல என்றால் எங்கே, அடுக்களையா, பின்வாசலா, பஸ் ஏறித் தென்காசிக்கு, புருஷன் வீட்டுக்கே போய்விடவேண்டுமா என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அறைக்கு வெளியே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, திரைச்சீலைக்கு இப்பால் நின்றாள். திரைச்சீலை பாதிதான் மறைத்தது. அம்மாவின் கால்களும் முக்காலியும் ஐயரின் வெள்ளை அங்கியின் ஓரமும் தெரிந்தன. இந்த ஊரில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவள் புருஷன் இசக்கிமுத்துவுக்குக் கல்யாணமான புதிதில் அதைக் கேட்டுச் சிரிப்பு அடங்கவே இல்லை. உங்க ஊர்ல நாடாருதான் ஐயரா என்று கேட்டுக்கேட்டுச் சிரிப்பார். மின்வாரியத்தில் லைன்மேன் அவர். கம்பத்தின் உச்சியில் இருந்துகொண்டு போன் பேசுகிற மனுசர், பயமே கிடையாது. நேற்றும் போனில் அவர் கேட்டது ஒன்றுதான், சாப்பிட்டியா. இங்கே மேசையில் எல்லோரோடும் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். மதினி தன் கையால் குழம்பு ஊற்றுகிறாள், அண்ணன் மீன் தலையை எடுத்து அவள் தட்டில் வைக்கிறான். அந்த மேசையில் ஒரு குறையும் இல்லை. வெள்ளைத் துணி விரித்த இந்த முக்காலிக்குத்தான் அவள் ஆகாது. ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றி ஒரு இந்துவைக் கட்டினவளுக்குத் திருவிருந்து, அந்த அப்பமும் திராட்சரசமும், கிடையாது. ஒன்று அவர் ஞானஸ்நானம் வாங்க வேண்டும், அல்லது அவள் சபைக்கு முன்னால் நின்று செய்தது தவறு என்று சொல்ல வேண்டும். இசக்கிமுத்து தவறு என்று எப்படிச் சொல்வது. வயிற்றுவலியில் அவள் துடித்த ராத்திரியில் சைக்கிளில் வைத்து மழைக்குள் மிதித்த ஆளைத் தவறு என்று எந்த வாயால் சொல்வது. சொல்லவில்லை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன. திருமணத்துக்கு, அடக்கத்துக்கு, ஸ்தோத்திரப் பண்டிகைக்கு என்று கோயிலுக்கு வந்தால் கடைசி பெஞ்சு. எல்லோரும் எழுந்து வரிசையாக முன்னால் போகும்போது உட்கார்ந்தே இருப்பாள். முழங்கால்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போகும். சிலர் மன்னிச்சுக்கோ என்பதுபோல லேசாகத் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள், அதுதான் ரொம்பக் கஷ்டம்.

உள்ளே ஆல்வின் ஐயர் தன் கறுப்புத் தோல் பெட்டியைத் திறக்கிற சத்தம். சின்னப் பெட்டி, உள்ளே எல்லாம் சின்னதாக, கட்டைவிரல் உயரத்துக்குக் கிண்ணி, ஒரு ரூபாய்க் காசு போல வெள்ளை அப்பங்கள், மருந்துப் புட்டி போன்ற புட்டியில் திராட்சரசம். பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடுவதற்குச் செய்தது போல இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அப்பாவின் கடைசி நாளில் பார்த்திருக்கிறாள். அப்போது அவளும் உள்ளே முழங்காலில் இருந்தாள். அவளை விலக்கிச் சபை எழுதிப்போட்ட ஞாயிற்றுக்கிழமை அம்மா என்ன செய்தாள். இதுதான். எங்கே சுற்றினாலும் மனசு இங்கேதான் வந்து முட்டுகிறது. அப்போதிருந்த ஐயர் பிரசங்க மேடையில் நின்று அவள் பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகள் இன்னது செய்தபடியால் இன்றுமுதல் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டிருக்கிறாள் என்று அறிவித்தார். அன்றைக்குத் திருவிருந்து ஞாயிறு. அறிவிப்பு முடிந்து, பாட்டு முடிந்து, சபை எழுந்து முன்னால் போயிற்று. அம்மா எழுந்து போனாளா, உட்கார்ந்திருந்தாளா? போனாள், முதல் வரிசையிலேயே போனாள், தலை நிமிர்ந்து போனாள் என்று அண்ணன் சொன்னான், அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை, உன் அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை, பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா சொன்னாள். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கப் பயம். போனேன் என்றால் அதற்குப் பிறகு அம்மா என்று கூப்பிட முடியுமா. போகவில்லை என்றால் இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. இப்போது கேட்க வாய் வருகிறது, சொல்ல அங்கே வாய் இல்லை.

அம்மா ஒரே தரம்தான் தென்காசிக்கு வந்தாள். எமிமாவுக்குப் பிறந்த பிள்ளை பெயர் வைப்பதற்குள் போய்விட்டது என்று கேள்விப்பட்டு வந்தாள். தலைவாசல் தாண்டி உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள், சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையையே பார்த்தாள். மாமியார் காப்பி கொண்டுவந்து நீட்டியபோது வேண்டாம் என்று கைகூப்பினாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தன் தண்ணீரைக் குடித்தாள். சாமிக்குப் படைத்த வீட்டில் பச்சைத்தண்ணீரும் குடிக்கக் கூடாது என்று யார் சொல்லிக்கொடுத்தது, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில். மாமியார் அந்தக் காப்பியை வீணாக்காமல் தானே குடித்துக்கொண்டே அழுதாள். அம்மாவும் அழுதாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி காப்பியும் ஒருத்தி தண்ணீருமாக. எமிமாவுக்குப் பால் கட்டி மார்பு கல்லாகக் கிடந்தது. அந்த வலியில் ஒரு யோசனை ஓடியது, அம்மா, உனக்கு அங்கே ஒரு பந்தி இருக்கிறது, எனக்கு இங்கே ஒரு பந்தி இருக்கிறது, நாம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட உலகத்தில் இனி இடம் இல்லை.

உள்ளே ஜெபம் ஆரம்பித்துவிட்டது. ஐயருக்கு இளம் குரல், புத்தகத்தைப் பார்த்து வாசித்தாலும் அவசரப்படாமல் வாசித்தார், அது நன்றாக இருந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் அண்ணனும் மதினியும் முழங்கால் போட்டிருக்க வேண்டும், மதினியின் வளையல் தரையில் தட்டியது. உம்முடைய பந்திக்குக் கீழே விழுகிற துணிக்கைகளைப் பொறுக்கவும் எங்களுக்குத் தகுதியில்லை என்கிற இடம் வந்தபோது எமிமாவின் உதடு தானாக அசைந்தது. தகுதி இல்லை, தகுதி இல்லை என்று சொல்லிச் சொல்லி உள்ளே இருப்பவர்கள் வாங்கித் தின்பார்கள். நிஜமாகவே தகுதி இல்லை என்று ஆக்கப்பட்டவள் வெளியே நின்று அதே ஜெபத்தைச் சொல்லலாம். அவளுக்கு விசுவாசம் இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. ஆனால் பயம் இருக்கிறது, பயம் போகவே இல்லை. ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்த பயம். தகுதி இல்லாமல் தின்கிறவன் தனக்கே தண்டனையைத் தின்கிறான். யாரோ ஒருத்தர் தம்பியோடு பகையை வைத்துக்கொண்டு போய் வாங்கித் தின்று, கோயில் படி இறங்கும்போதே ரத்தம் கக்கினாராம். அவள் முதன்முதலாகத் திருவிருந்து வாங்கிய திடப்படுத்தல் ஆராதனை அன்று, வெள்ளைச் சேலையில், முதல் அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளத் தள்ள வரவில்லை. பல் படக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். படக் கூடாது, படக் கூடாது என்று வீடு வரைக்கும் வாயைத் திறக்காமல் வந்தாள், ரத்தம் வருமோ என்று. அது காகிதம் போல, ஒன்றுமில்லாததைப் போல இருந்தது. அந்த ஒன்றுமில்லாததற்கா இத்தனை ஏக்கம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எச்சில் விழுங்கியிருக்கிறாள், கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற பட்டினிக்காரி மாதிரி.

அப்போதுதான் உறைத்தது. காகிதம் போல. காய்ந்தது. அம்மாவுக்குக் காய்ந்தது எதுவும் இறங்காது. கஞ்சியையே தலையை வலது பக்கம் சாய்த்து, இடது கன்னத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துளித் துளியாக விட வேண்டும். ஒவ்வொரு துளிக்கும் தொண்டை அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அண்ணனுக்கு அது தெரியாது, மதினிக்குத் தெரியாது, ஊட்டுகிற நேரத்தில் இரண்டு பேருக்கும் வேறு வேலை வந்துவிடும். ஐயருக்கு யார் சொல்லியிருப்பார்கள். திரையை விலக்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐயரே, ரசத்தில் நனைச்சு, கொஞ்சம் போல குடுங்க. வாயில் வந்துவிட்டது. திரைச்சீலையில் கைவைத்தாள். கை அங்கேயே நின்றது. அந்தாக்ல இருந்துக்கோ என்றானே. இருக்கிறேன். கழுவ நான் வேண்டும், புரட்டிப்போட நான் வேண்டும், பீத்துணி அலச நான் வேண்டும், இதற்கு மட்டும் நான் சங்கடம். தொண்டையில் நிற்கட்டும். நிற்கும்போது கூப்பிடுவார்கள். எமிமா, எமிமா என்று அலறுவான், அப்போது போகலாம். சே, என்ன நினைப்பு இது, அது அம்மாவின் தொண்டை. ஆனால் நினைப்பு வந்தாயிற்று, வந்ததைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. அது அவள் கையைத் திரைச்சீலையிலேயே கட்டிப்போட்டது. ஐயர் குனிவது அங்கியின் ஓரத்தில் தெரிந்தது. "அம்மா, வாயத் தொறங்க" என்றார். அம்மா திறந்திருப்பாள். வாயைத் திற என்றால் இப்போதெல்லாம் அவள் உடனே திறந்துவிடுகிறாள், குருவிக்குஞ்சு போல. ஐயர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறகு கிண்ணியை எடுத்தார். இப்போதாவது சொல்லிவிடு. சொல்லிவிடு.

இருமல் வந்தது. இருமல்கூட இல்லை, காற்று போக வழியில்லாமல் ஒரு விசில். "அம்மா, அம்மா, ஏம்மா" என்று அண்ணன். "ஐயோ, கண்ணு சொருகுது" என்று மதினி. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கவும் இல்லை, எமிமா உள்ளே இருந்தாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டிலில் ஏறி அம்மாவைத் தூக்கித் தன் நெஞ்சோடு சாய்த்து, தலையை ஒருக்களித்துக் கவிழ்த்து, முதுகில் தட்டி, வாய்க்குள் விரலை விட்டாள். ரசம் தாடை வழியாக ஓடி நைட்டியில் சிவப்பாக இறங்கியது. விரலில் அப்பம் தட்டுப்பட்டது, பாதி கரைந்து கூழாகி, நாக்கின் அடியில் சுருண்டு. வழித்து எடுத்தாள். அம்மாவுக்கு மூச்சு வந்தது. கரகரவென்று, ஆனாலும் வந்தது. அப்புறம்தான் எல்லோரும் அவள் உள்ளங்கையைப் பார்த்தார்கள்.

மதினி டிஷ்யூ பேப்பரை உருவி நீட்டினாள். "இதுல போடு, நான் கொண்டு போய்..." "ஏய்!" என்று அண்ணன் கத்தினான். "அத எப்படிளா போடுவ? ஐயரு ஜெபிச்சுக் குடுத்ததுல்லா." டிஷ்யூ பேப்பர் அந்தரத்தில் நின்றது. "என்ன செய்யணும் ஐயரே?" ஐயருக்குத் தெரியும் என்று எமிமாவுக்கு அவர் முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது. மிச்சம் வைக்கக் கூடாது, கீழே போடக் கூடாது, யாராவது சாப்பிட்டுவிட வேண்டும், யாரும் இல்லையென்றால் கொடுத்தவரே சாப்பிட வேண்டும். அவர் கையும் நீண்டது. பாதி தூரம் வந்தது. வெள்ளையும் பழுப்புமாக எச்சிலில் ஊறிய கூழ் அது, காலை மாத்திரையின் மஞ்சள் ஒரு கோடாக அதில் ஓடியிருந்தது, புளித்த கஞ்சியின் வாடை. சின்ன வயசு. இதற்கு முன் எத்தனை நோயாளியைப் பார்த்திருப்பாரோ. கை மேற்கொண்டு வரவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது, பாவமாக இருந்தது. அண்ணன் சுவரில் மாட்டியிருந்த வாக்குத்தத்த வசன அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு எந்தத் தீர்மானமும் இல்லை. பழிவாங்குகிறோம் என்றோ, பெற்றுக்கொள்கிறோம் என்றோ, எதுவுமே இல்லை. கையில் இருப்பது அம்மாவின் வாயில் இருந்தது, இதில் அருவருக்க என்ன இருக்கிறது என்று மட்டும் இருந்தது. உள்ளங்கையை வாயில் கவிழ்த்துக்கொண்டாள்.

மாத்திரைக் கசப்பு. பிறகு இனிப்பாக ரசம். பிறகு அம்மாவின் வாய். விழுங்கினாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தேரி மணல்மேட்டிலிருந்து வந்த செம்மண் தூசி ஜன்னல் திட்டில் கிண்ணத்தின் மேல் படிந்துகொண்டிருந்தது. ரத்தம் வருமா? வயிற்றுக்குள் ஏதாவது எரிகிறதா? அவள் உள்ளே காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் பயமாக இருந்தது. மன்னிப்பும் வரவில்லை, தண்டனையும் வரவில்லை. நாவில் கசப்பு மட்டும் நின்றது. ஐயர் புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்தைத் தேடி, அண்ணனுக்கும் மதினிக்கும் கொடுத்தார், தானும் வாங்கினார். வரிசை அவளிடம் வந்தபோது புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினார். பார்க்காததாக வைத்துக்கொள்வோம் என்று அறைக்குள் எல்லோரும் பேசாமலே பேசி முடித்துவிட்டார்கள். அம்மாவை நெஞ்சில் சாய்த்தபடியே அவளும் அதற்கு உடன்பட்டாள். நாளைக்கும் அந்தச் சட்டம் அப்படியேதான் இருக்கும், கடைசி பெஞ்சும் அப்படியேதான். ஆசீர்வாதம் முடிந்தது. கிண்ணியைத் துடைத்து உள்ளே வைத்துப் பெட்டியை மூடினார்.

அம்மா வாயைத் திறந்தாள். யாரும் சொல்லாமல், தானாக. கண் மூடியிருந்தது, வாய் மட்டும் அகலத் திறந்து நாக்கு கொஞ்சம் வெளியே வந்து நின்றது. "ஆச்சும்மா, முடிஞ்சிட்டு" என்றான் அண்ணன் குனிந்து. "திருவிருந்து வாங்கியாச்சு." வாய் மூடவில்லை. "அவங்க வாங்கினதாத்தான் அர்த்தம்" என்றார் ஐயர் மெல்ல. "விழுங்க முடியாதவங்க மனசால வாங்கினாப் போதும். ஆண்டவருக்குத் தெரியும்." ஆண்டவருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியவில்லையே. மூடாத வாயைப் பார்க்கப் பார்க்க எமிமாவின் வயிற்றில், அதுவரை ஒன்றும் இல்லாத இடத்தில், ஏதோ ஒன்று கனக்கத் தொடங்கியது. அம்மாவின் கடைசி அப்பம். அதை யார் தின்றது? வெளியே நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது யார், பிறகு ஓடிவந்து தின்றது யார். விலக்கப்பட்டது நான், பட்டினி கிடப்பது அவள். அன்றைக்குக் கோயிலில் எழுந்து போனாளோ போகவில்லையோ, இன்றைக்குப் போகவில்லை. இன்றைக்கு அவளுக்குக் கிடைக்கவில்லை.

"ஐயரே," என்றாள். அவரிடம் அவள் பேசுகிற முதல் வார்த்தை. "இன்னொண்ணு எடுங்க."

"ஏட்டி, சும்மா இரு" என்றான் அண்ணன்.

"ரெண்டாந்தரம் குடுக்கிற வழக்கம் இல்லம்மா" என்றார் ஐயர். "ஒருக்கக் குடுத்தா..."

"மொத தரம் அவ திங்கல. நான்தான தின்னேன்."

சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்து விழுந்துவிட்டது. இனி யாரும் பார்க்காததாக வைத்துக்கொள்ள முடியாது. அண்ணன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை, அம்மாவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் அண்ணனைப் பார்த்தாரா, மதினியைப் பார்த்தாரா, தெரியாது. பெட்டியின் கொக்கி விடுபடுகிற சத்தம் கேட்டது. "எப்படிக் குடுக்கணும்?" என்று கேட்டார். குரல் தணிந்திருந்தது. "நகக்கண் அளவு போதும். நனைச்சு, வலது பக்கம் வைங்க. நான் கன்னத்தப் பிடிச்சிக்கிடுதேன்." பிட்டார். நனைத்தார். இந்தத் தடவை அவர் விரல் உள்ளே போக வேண்டிய தூரம் போயிற்று. எமிமா தலையைச் சாய்த்து, கன்னத்தை அழுத்தி, தாடையை மேலே தூக்கி மூடினாள். காத்திருந்தார்கள். சுருக்கம் விழுந்த தொண்டை, கோழியின் கழுத்துத் தோல் போல. அதில் ஒரு அசைவும் இல்லை. மதினி எழுந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இறங்கு, இறங்கு என்று எமிமா தன் வாயில் ஒன்றும் இல்லாமலே விழுங்கினாள், மறுபடியும் விழுங்கினாள், எச்சில் வற்றித் தொண்டை வலித்தது, நிறுத்த முடியவில்லை. தொண்டை அசைந்தது. மெல்ல மேலே ஏறி, நின்று, கீழே இறங்கியது.

"ஆமென்" என்றான் ஜெபசிங். அதற்கு முன்னால் யாரும் எந்த ஜெபமும் சொல்லியிருக்கவில்லை.